அத்தானின் காரில் இரண்டு கல்லூரிகள்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, அக்கா வீடு இருக்கும் வெக்ஸ்போர்ட்டிலிருந்து புறப்பட்டோம். காரை ஓட்டியவர் என் அக்காவின் கணவர் சிவா அத்தான். பின்சீற்றில் அவர்களுடைய மகள் அபி, காதில் ஹெட்போனுடன். யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று கிழமை விடுமுறையில் வந்த நான் நயாகரா பார்க்க ஆசைப்பட்டேன். வாய்த்ததோ கல்லூரி பார்க்கும் பயணம். சர்வதேச வணிகம் படிக்க அபிக்கு இரண்டு இடங்களில் அனுமதி கிடைத்திருந்தது. அன்றைக்குள் ஒன்றை முடிவு செய்ய வேண்டும்.

முதலாவது, நகருக்கு வெளியே பிறம்ரனில். நாற்பது கிலோமீற்றருக்கு மேல் நெடுஞ்சாலை. கடைசிப் பகுதியில் இருபுறமும் பென்னம்பெரிய களஞ்சியங்கள். அவற்றில் ஒன்றில்தான் அத்தானுக்கு வேலை.

"காலமை என்னோடை வந்து, பின்னேரம் என்னோடையே திரும்பலாம். பாருங்கோ, பார்க்கிங் எவ்வளவு விசாலம்!"

"அப்பா, காரையே காலேஜுக்கு அனுப்பப் போறீங்களோ?" என்றாள் அபி. நான் சத்தமாகவே சிரித்தேன்.

மதியம் நகரின் நடுவே இரண்டாவது கல்லூரி. கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றியதில் சென் ஜேம்ஸ் ரவுண் குடியிருப்பின் மாடிக் கட்டிடங்களை இரண்டு தரம் பார்த்தேன். "வந்த புதுசிலை உதிலைதான் இருந்தனாங்கள். அப்ப கார் இல்லை, கரைச்சலும் இல்லை," என்று அத்தான் முணுமுணுத்தார். தரிப்பிடத்துக்கு இருபத்தெட்டு டொலர்.

அங்கே மூன்றாம் ஆண்டில் ஒரு தவணை வெளிநாட்டில் படிக்கலாமாம். சிங்கப்பூர் போய்வந்த மாணவி ஒருத்தியை அபி கேள்வியால் துளைத்தெடுத்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் முடிவு எனக்கு விளங்கிவிட்டது. பெற்றோரின் முறை வந்தபோது அத்தான் கையை உயர்த்தி, பிள்ளையை ஏற்ற வருபவர்கள் காரோடு எங்கே காத்து நிற்பது என்று கேட்டார். மண்டபம் சிரித்தது. எல்லோரும் சப்வே என்ற நிலக்கீழ் ரயிலில்தான் வருவார்கள் என்றார் பொறுப்பாளர். அத்தான் மெல்லக் கையை இறக்கினார். பாவமாக இருந்தது.

நாலு மணிக்குத் திரும்பினோம். வாகன நெரிசல்.

"ஏன் அத்தான் பிறம்ரனிலை இவ்வளவு பிடிவாதம்?"

கண்ணாடியில் மகளின் ஹெட்போனைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வீட்டிலை கதவைச் சாத்திப்போட்டு இருக்கிறவள், மதி. காருக்குள்ளைதான் என்னோடை கதைக்கிறவள். நாலு வருசம் போகவர அவளோடை கதைக்கலாமெண்டு பாத்தன்."

காலையில் சிரித்ததற்காக என் மீதே எரிச்சல் வந்தது.

வீட்டை நெருங்கும்போது வோர்டன் வீதிச் சந்தியில் சிவப்பு விளக்கு. அபி ஹெட்போனைக் கழற்றினாள்.

"அப்பா, பாட்டு ஒண்டும் போகேல்லை. எல்லாம் கேட்டுது."

அத்தான் கண்ணாடியில் மகளைப் பார்த்தார்.

"நான் டவுன்ரவுண் காலேஜுக்குத்தான் போறன்."

"ஓம் பிள்ளை. உன்ரை விருப்பம்."

"பட், வோர்டன் சப்வேக்கு டெய்லி நீங்கள்தான் டிரொப் பண்ணோணும்."

"அது பத்து நிமிசம்தானே."

"அப்ப காரை மெல்லமா ஓடுங்கோ."

பச்சை விழுந்தது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் காரை எடுத்தார். நயாகரா பார்க்காமலே நான் யாழ்ப்பாணம் திரும்பினேன்.