எழுப்புதல் வந்த நாளில் ரோஸ்லி அழவில்லை

கர்த்தர் எனக்குச் செய்ததைச் சபை நடுவில் சொல்ல வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்து, ஒவ்வொரு முறையும் தள்ளிப்போட்டு வந்தேன். சாட்சி என்றால் சந்தோஷமாகச் சொல்ல வேண்டும் என்பார்கள். என் சாட்சியில் பாதிக்கு மேல் எரிச்சல்தான். இருந்தாலும் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். பொறுத்துக் கேளுங்கள்.

என் பெயர் குளோரி. எண்பதுகளின் கடைசியில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே இருந்த ஒரு பெண்கள் வேதாகமப் பள்ளியில் விடுதி வார்டனாக இருந்தேன். ஊழியத்துக்கு வர விரும்பும் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இடம் அது. ராஜபாளையம், மம்சாபுரம், சோழபுரம் என்று சுற்று வட்டாரத்துப் பிள்ளைகள்தான் அதிகம். காலையில் ஜெபம், பிறகு வகுப்பு, சாயங்காலம் தோட்ட வேலை, மறுபடியும் ஜெபம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பரலோகத்துக்குப் பக்கத்து வீடு மாதிரி இருக்கும்.

உள்ளே சாதி இருந்தது.

யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் சாப்பாட்டுக் கூடத்தில் பிள்ளைகள் இரண்டு வரிசையாகத்தான் உட்காருவார்கள். இந்த வரிசைக்கு ஒரு தண்ணீர்ப் பானை, அந்த வரிசைக்கு வேறொன்று. நான் வேலைக்கு வந்த புதிதிலேயே ஒரு பானையை எடுத்து உள்ளே வைத்துப் பார்த்தேன். பாதிப் பேர் தண்ணீர் குடிக்காமலே எழுந்து போனார்கள். அதட்டினேன். இடம் மாற்றி உட்காரவைத்தேன். ஒருத்திக்கு வயிற்று வலி வரும், இன்னொருத்திக்குத் தலைவலி வரும். மறுநாள் பழைய இரண்டு வரிசை.

பிரின்சிபால் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர்தான். ஆனால் சச்சரவு என்றால் பயம்.

“இதெல்லாம் மெல்லத்தான் மாறும் குளோரி. இந்தப் பிள்ளைக அப்பாமாரெல்லாம் அங்கங்க சபையில மூப்பரா இருக்காக. நாம என்ன செய்ய? நீங்க ஜெபம் பண்ணுங்க” என்றார்.

ஜெபம் பண்ணினேன். வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தேன். ஆண்டவரே, இந்தப் பிள்ளைகளுக்குள் எழுப்புதலை அனுப்பும், இவர்கள் மனதைத் திருப்பும் என்று வருடக்கணக்காகக் கேட்டேன். மதுரையிலிருந்து ஒரு பிரசங்கியாரை அழைத்துக் கூட்டம்கூட நடத்தினோம். பிள்ளைகள் கைதட்டிப் பாடினார்கள். அல்லேலூயா என்று கூரை அதிரச் சொன்னார்கள். கூட்டம் முடிந்ததும் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய் இரண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில், “நீர் கேட்கிறீரா, இல்லையா?” என்று ஆண்டவரிடமே கேட்டுவிட்டேன்.

ஒரு ஆடி மாதக் காலை. ஈர விறகைக் கொண்டுவந்து தள்ளிவிட்டார் என்று சமையலறை வாசலில் விறகுக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் எழுப்புதல் வந்தது. வருடக்கணக்காகக் கேட்டவள் நான். வந்தபோது நான் அங்கே இல்லை.

அன்றைக்குக் காலை ஜெபத்தை நடத்த வேண்டியவள் ஜெபமணி. ராஜபாளையத்தில் அவள் அப்பா பருத்தி வியாபாரி, சபை மூப்பர். நல்ல குரல் அவளுக்கு. எழுந்து நின்றவள் வேதப்புத்தகத்தை மூடிவிட்டாளாம். பிறகு சொன்னாளாம்:

“என்னால ஜெபிக்க முடியல. நேத்து ரோஸ்லி எங்க பானையில தண்ணி மோந்துட்டான்னு அம்புட்டுத் தண்ணியையும் கீழ ஊத்துனேன். பொறவு அதே வாயால பாட்டுப் பாடுனேன். ரோஸ்லி, என்னைய மன்னிச்சிரு.”

அவள் அழுதுகொண்டே உட்கார, இன்னொருத்தி எழுந்தாள். அப்புறம் இன்னொருத்தி. சத்தம் கேட்டு நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். வகுப்புக்கு மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. பாடம் எடுக்க வந்த ஆசிரியை வாசலிலேயே முழங்காலில் நின்றுவிட்டார். மத்தியானம் பிள்ளைகளே இரண்டு பானைத் தண்ணீரையும் ஒரே அண்டாவில் ஊற்றி, ஒரே வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனவர்கள் தங்கள் சபைகளிலும் எழுந்து நின்று இதைச் சொன்னார்கள். அங்கேயும் அழுகையும் ஜெபமும் தொடங்கின.

நான் துள்ளியிருக்க வேண்டும். முடியவில்லை. எல்லோருக்கும் மழை பெய்து என் வயல் மட்டும் காய்ந்து கிடந்தது போல இருந்தது. அதோடு ரோஸ்லி வேறு.

ரோஸ்லிக்கு மம்சாபுரம். அவள் அம்மா காட்டு வேலைக்குக் கூலிக்குப் போகிறவர். எல்லோரும் அழுத அந்தக் காலையில் ரோஸ்லி மட்டும் அழவில்லை. வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கிணற்று மேட்டில் உட்கார்ந்துகொண்டாள். அந்த ஒரே வரிசையிலும் வந்து உட்காரவில்லை. “ரோஸ்லி மட்டும் கல்லா இருக்கா அக்கா, அவளுக்காக ஜெபிக்கணும்” என்று பிள்ளைகள் என்னிடம் வந்தார்கள். எரிச்சலோடு போனேன்.

“ஏட்டி, அவதான் அம்புட்டுப் பேரு முன்னால மன்னிப்புக் கேட்டுட்டாளே. இன்னும் என்ன வேணும் ஒனக்கு?”

ரோஸ்லி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அவ அழுதா, அவ பாரம் எறங்கிட்டு. எல்லாரும் அவளைக் கட்டிப் பிடிச்சாக. எனக்கு எப்படி இருந்துச்சுன்னு யாராவது கேட்டியளாக்கா? நான் பதில் சொல்லுததுக்கு முன்னாலயே பாட்டு ஆரம்பிச்சுட்டிய.”

திரும்பி வந்துவிட்டேன்.

அந்த வாரமே ஜெபமணியின் அப்பா காரில் வந்து இறங்கினார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆபீஸ் அறையில் நின்றபடியே கத்தினார்.

“தண்ணிப் பானை விஷயத்தை எல்லாம் ஊரு அறியப் பேசி எங்குடும்ப மானத்த வாங்கியிருக்கா. இதுக்கா நான் இங்க அனுப்புனேன்?”

பிரின்சிபால் ஐயா தலையைக் குனிந்துகொண்டார். ஜெபமணி பெட்டியோடு காரில் ஏறினாள். இனிப் படிப்பு கிடையாது, மாப்பிள்ளை பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார் அவர். கார் போனதும் பிரின்சிபால் ஐயா, “இனிமே மணி அடிச்சா வகுப்பு. சிறப்பு ஜெபம் ஒண்ணும் வேண்டாம்” என்றார். இரண்டொரு நாளில் சில பிள்ளைகள் பயந்துபோய்ப் பழைய பக்கத்துக்கே நகர்ந்து உட்கார ஆரம்பித்தார்கள். இத்தனை வருடம் கேட்டு வாங்கியது ஒரு வாரத்தில் கலைவதா?

நான் ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். ஜெபமணியின் அப்பா இரும்புக் கேட்டைக்கூடத் திறக்கவில்லை. “வார்டனம்மா, ஒங்க வேலை சோறு போடுறது. அதைப் பாருங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். ஆண்டவரே, எனக்கு இனிக் கேட்க வார்த்தை இல்லை, நீர் தொடங்கினதை நீரே முடித்துவையும், இல்லாவிட்டால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடும் என்றேன். அதை விசுவாசமுள்ள ஜெபம் என்று சொல்லமாட்டேன். அலுத்துப்போனவளின் ஜெபம்.

மறுநாள் காலை ரோஸ்லி சமையலறைக்கு வந்து நின்றாள்.

“அக்கா, ராசபாளையம் போவமா?”

“எதுக்கு?”

“ஜெபமணிக்கு நான் பதில் சொல்லணும்.”

“நேத்து என்னையவே உள்ள விடல. ஒன்னைய விடுவாகளா?” என்று அதற்கும் சிடுசிடுத்தேன்.

“விடாட்டா வெளிய நின்னு சொல்லுதேன். கிணத்து மேட்டுல உக்காந்து ஆண்டவர்ட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன்க்கா. கோவத்தை எல்லாம். அவரு என்னைய அதட்டல. செத்த நேரம் அழுதேன். பொறவு மனசு எறங்கிட்டு.”

கிளம்பினோம். அன்றைக்குப் பார்த்து ஆண்டாள் கோயில் தேர். பஸ் எதுவும் ஊருக்குள் வரவில்லை. கூட்டத்துக்குள் முட்டி மோதி ஊர் எல்லை வரை நடந்தோம். வழியெல்லாம் நான் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். ரோஸ்லி முன்னால் நடந்தாள்.

ராஜபாளையத்தில் அந்தக் கேட்டுக்கு முன்னால் நிற்கும்போது உச்சி வெயில். சாப்பிட வீட்டுக்கு வந்திருந்த ஜெபமணியின் அப்பா எங்களைப் பார்த்ததும் முகம் மாறினார். நான் வாய் திறப்பதற்குள் ரோஸ்லி பேசினாள்.

“ஐயா, நான் சண்டைக்கு வரல. ஒங்க மக எங்கிட்ட மன்னிப்புக் கேட்டா. நான் இன்னும் பதில் சொல்லல. அதைச் சொல்லிட்டுப் போயிருதேன்.”

“நான் சொல்லிக்கிடுதேன். நீ போம்மா.”

“இல்லங்கய்யா. அவ மொகத்தைப் பாத்துச் சொல்லணும்.”

குரல் கேட்டு ஜெபமணி படிக்கட்டுக்கு ஓடி வந்தாள். கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோஸ்லி சொன்னாள்:

“ஏட்டி ஜெபமணி, நீ செஞ்சது எனக்கு வலிச்சுது. எம்புட்டு வலிச்சுதுன்னு ஒனக்குத் தெரியாது. ஒன்னைய மன்னிச்சுட்டேன்.”

அப்போதுதான் ரோஸ்லி எங்கள் முன்னால் அழுதாள்.

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஜெபமணியின் அம்மா, அதுவரை நிலைப்படிக்குள் நின்றவர், கணவரைத் தாண்டி இறங்கி வந்து கேட்டைத் திறந்தார். “வெயில்ல என்னத்துக்கு நிக்கிய? உள்ள வாங்க” என்றார். வீட்டில் அவர்கள் குடிக்கிற அதே டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். முதலில் ரோஸ்லிக்குக் கொடுத்தார். அவள் குடித்து முடித்ததும் அதிலேயே மறுபடி ஊற்றித் தானும் குடித்தார். ஜெபமணியின் அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து அறையிலிருந்து குரல் மட்டும் வந்தது.

“பரீட்சை எப்ப?”

“அடுத்த மாசம்ப்பா” என்றாள் ஜெபமணி.

“எழுதிட்டு வா.”

அவ்வளவுதான். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. அது எனக்கு இப்போதும் உறுத்துகிறது. எல்லோரும் ஒரே நாளில் மாறிவிட்டார்கள் என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன்.

அன்றைக்கே ஜெபமணியும் பெட்டியோடு எங்களோடு கிளம்பினாள். திரும்பி வந்த பஸ்ஸில் அவளும் ரோஸ்லியும் ஒரே சீட்டில் உட்கார்ந்து, ஒரு பொட்டலம் கடலையைப் பங்குபோட்டுத் தின்றார்கள். பின் சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். பாதி வழி வருவதற்குள்ளோ என்னவோ, எந்த இடம் என்று நினைவில்லை, எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. கண்டக்டர் டிக்கெட் கேட்டபோதுகூட நிறுத்த முடியவில்லை. என் வயலுக்கும் மழை வந்தது.

ஜெபமணி பெட்டியோடு திரும்பி வந்ததைப் பார்த்தபிறகு பிள்ளைகளின் பயம் போயிற்று. நகர்ந்து போனவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து உட்கார்ந்தார்கள். ஒரு நாள் பிரின்சிபால் ஐயாவும் தட்டை எடுத்துக்கொண்டு வந்து அந்த வரிசையில் உட்கார்ந்தார். எல்லோரோடும் சாப்பிட்டார். தொண்ணூறுகளில் நான் அங்கிருந்து வரும்வரை அது ஒரே வரிசையாகத்தான் இருந்தது. ரோஸ்லியும் ஜெபமணியும் சோழபுரம் பக்கம் சேர்ந்தே ஊழியம் செய்தார்கள். இரண்டு பேருக்கும் அடிக்கடி சண்டை வரும். உடனே பேசித் தீர்த்துக்கொள்வார்கள்.

நானும் மாறினேன். எரிச்சலை ஒளித்துவைத்து அழகான வார்த்தைகளில் ஜெபிப்பதை விட்டுவிட்டேன். உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். கர்த்தர் கோபித்துக்கொண்டதே இல்லை. அவருக்கு என் நன்றியைச் சொல்லி முடியாது.

பல வருடமாக ஒரே காரியத்தைக் கேட்டுக் களைத்துப்போனவர்கள் இங்கே இருப்பீர்கள். களைப்போடேயே கேளுங்கள், நம்பிக் கேளுங்கள். இன்னும் ஒன்று. உங்கள் சபையிலும் எல்லோரும் பாடும்போது வாய் திறக்காமல் ஒரு மகள் உட்கார்ந்திருக்கலாம். அவளுக்காக ஜெபிக்க அவசரப்படாதீர்கள். முதலில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, என்னம்மா நடந்தது என்று கேளுங்கள். கர்த்தர் உங்களுக்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்திருப்பார்.