கமென் கையிலிருந்த நூல்

பக்கத்து அறையில் ஜன்னல் கீச்சென்றது. அடுப்பில் பீன்ஸ் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்த நெவெனாவின் கை நின்றது. வீட்டில் நான்கு ஜன்னல்கள். கீச்சிடுவது பக்கத்து வீட்டு ஸ்லாத்காவின் தோட்டத்தைப் பார்த்த ஜன்னல் மட்டும்தான்.

"என்ன தெரியுது கமென்?" என்று கணவனிடம் கேட்டாள்.

"மொட்டுதான். இன்னும் ரெண்டு நாள் ஆகும்."

எந்த மரத்து மொட்டு என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டுமா என்ன!

எங்கள் ஊரில் மார்ச் முதல் தேதி எல்லோர் மணிக்கட்டிலும் சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூல் ஏறிவிடும். வசந்தத்தை வரவேற்கும் இந்த நூலுக்கு மார்த்தெனித்சா என்று பெயர். பூத்த மரத்தைக் கண்ணால் பார்க்கும்வரை கழற்றக் கூடாது. பார்த்ததும் கழற்றி அந்த மரத்திலேயே கட்டிவிட வேண்டும். கமெனுக்கு நூல் முறுக்கிக் கட்டிவிடுகிறவள் நெவெனா. அதை அவன் கொண்டுபோய்க் கட்டுவதோ ஸ்லாத்காவின் ஆப்ரிகாட் மரத்தில்! கல்யாணமான நாள் முதல் இதே கதை. ஸ்லாத்காவின் மரம் தெற்குச் சுவரோரம் வெயிலில் நிற்கிறது. நெவெனாவின் மரம் கொட்டகை நிழலில் நின்று ஒரு வாரம் தாமதமாகப் பூக்கிறது.

வெறும் மரம் என்றால் போகட்டும். ஒரு காலத்தில் ஊர்த் திருவிழா வட்ட நடனத்தில் கமென் கைகோத்து ஆடியது ஸ்லாத்காவோடுதான். அவளைத்தான் கட்டுவான் என்று ஊரே நினைத்தது. பிறகு அவள் ஒரு பஸ் டிரைவரைக் கட்டினாள். ஜாம் தொழிற்சாலையில் பாட்டில் மூடி திருகிக்கொண்டிருந்த நெவெனா கமெனுக்கு மனைவியானாள். ஒரு மகளைப் பெற்றாள், வளர்த்தாள், கட்டிக்கொடுத்தாள். ஆனால் 'மிச்சத்துக்குக் கிடைத்தவள்தானே நான்' என்ற முள் மட்டும் அவள் நெஞ்சிலிருந்து அகலவே இல்லை. போன வருஷம் ஸ்லாத்கா விதவையானதும் அந்த முள் இன்னும் ஆழமாகப் போயிற்று.

இந்த வருஷம் நெவெனா பொறுக்கவில்லை. பிப்ரவரியிலேயே தன் மரத்தில் ஒரு கிளையை வெட்டி, ஒரு ஜாடி வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, அடுப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். அந்தச் சூட்டில் முன்னதாகவே பூத்தது! இன்று காலை கமென் ரொட்டி வாங்கப் போன நேரம் பார்த்து, அதைத் தன் மரத்தோடு கம்பியால் கட்டிவிட்டு வந்திருந்தாள். அவனிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் வாசல் கதவு தட்டப்பட்டது.

ஸ்லாத்கா! உதட்டுச் சாயம், புதுச் சால்வை.

"உன் மரம் பூத்திருக்காமே நெவெனா? ரொட்டிக் கடைக்காரி வேலிப் பக்கமா வரும்போது பார்த்தாளாம். எனக்கு நம்பிக்கை இல்ல, அதான் நேர்ல வந்தேன்."

"ஏன், உன் மரம் மட்டும்தான் பூக்கணுமா?"

"பூக்கட்டுமே. நானும் கண்குளிரப் பாக்குறேன்." கேட்காமலே சமையலறை வழியாகத் தோட்டத்துக்குள் போனாள். ஜன்னலை விட்டு வந்த கமென் அவள் பின்னால் நடந்தான். நெவெனா கரண்டியைப் பிடித்தபடி அடுப்படியிலேயே நின்றாள்.

வெளியே ஸ்லாத்காவின் சிரிப்பு வெடித்தது.

"அடியம்மா! இந்தப் பூவுக்குக் கம்பி முளைச்சிருக்கே! இந்த வயசுல உன் பொண்டாட்டி மரத்துக்கு அலங்காரம் பண்றாளே கமென்!"

நெவெனாவின் கண்களில் நீர் முட்டியது. போயிற்று! மானம் போயிற்று! இனி அவன் முகத்தில் எப்படி விழிப்பாள்?

இருவரும் உள்ளே வந்தார்கள். கமெனின் பார்வை அடுப்புக்குப் பின்னால் ஈரமாயிருந்த ஜாடியில் விழுந்தது. பிறகு மனைவியின் விரல்களில். கம்பி கீறிய காயம் இன்னும் சிவந்திருந்தது.

"எதுக்கு இதெல்லாம்?" என்றான் மெதுவாக.

"எதுக்கா? நான் கட்டிவிடுற நூலை வருஷா வருஷம் அங்க கொண்டுபோய்த் தொங்க விடுறியே, அதுக்கு!" அழுகை பீறிட்டது. "ஒரு வருஷமாவது நம்ம மரத்துல கட்டமாட்டியான்னு..."

"அட, நூல்தானே!" என்றாள் ஸ்லாத்கா. "நாளை மறுநாள் என் மரம் பூத்துடும் கமென். வழக்கம்போல வந்துடு. காபி போட்டு வைக்கிறேன்."

கமென் மணிக்கட்டு நூலை ஒரு சுற்று சுற்றினான். முடிச்சை இறுக்கினான்.

"நான் வரல ஸ்லாத்கா. எங்க மரம் பூக்கட்டும்."

"அது ஏப்ரல் ஆயிடுமே! அதுவரைக்கும் நூலோட திரிவியா? ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும்." நெவெனாவின் பக்கம் திரும்பினான். "காத்திருன்னு ஒரு தடவை சொல்லியிருந்தா அப்பவே காத்திருந்திருப்பேனே. சொன்னியா நீ?"

இல்லை என்று நெவெனா தலையை ஆட்டினாள்.

ஸ்லாத்காவின் சிரிப்பு உதட்டிலேயே வற்றியது. அவள் கண்கள் அந்த நூலில் ஒட்டிக்கொண்டு நின்றன. அந்தப் பார்வையை நெவெனாவுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருஷமாகத் தானும் அப்படித்தானே பார்த்து வந்தாள்!

"சரி, நான் வரேன்" என்று சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஸ்லாத்கா வெளியேறினாள். அவள் இரண்டாவது படியில் கால் வைப்பதற்குள் நெவெனா கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாள்.