மத்தில் தொங்கிய மீசை

ஒரு பானைத் தயிருக்காக என் மீசையைப் பந்தயம் வைத்தவன் நான். அதுவும் கல்யாணமாகி ஒரு பிள்ளையும் பிறந்த பிறகு.

சூலூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தோட்டமும் இரண்டு எருமைகளும் இருந்தன. தொண்ணூறுகளில் ஒரு மார்கழி. சாணியில் வழுக்கி விழுந்த என் மனைவி வலது கையில் கட்டுப் போட்டிருந்தாள். அவளைப் பார்க்கச் சத்தியமங்கலத்திலிருந்து வந்த அவள் அண்ணன், தயிர்ப்பானையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இனி வெண்ணெய்க்குக் கடைக்குத்தான் போகோணுமாட்ட இருக்குதுங்க மாப்ளே."

"எதுக்குங்க மச்சான்? காலையில நீங்க பஸ் ஏர்றதுக்குள்ள நானே எடுத்துத் தாரேன். இல்லீன்னா மீசைய எடுத்துப்போடறேன்."

என்னிடம் உருப்படியாக இருந்தது அந்த மீசை ஒன்றுதான்.

விடிந்ததும் மத்தைத் தூணோடு கட்டிக் கயிற்றை இழுத்தேன். நுரை வந்தது; வெண்ணெய் வரவில்லை. சித்திரை வெயிலில் மனைவி பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கடைந்ததைப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அது. ஒரு செம்பு ஊற்றினேன். வரவில்லை. இன்னொரு செம்பு ஊற்றினேன். மனைவி வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் சவரப் பெட்டியைத் திறந்து சோப்பைக் குழைத்தார்.

"நுரை எனக்குங்கூட நல்லா வருதுங்க மாப்ளே."

பனியில் விரல்கள் மரத்துப்போயின. மத்தை அவிழ்த்து, பானையைத் தூக்கிக்கொண்டு, குளிக்கத் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்த அடுப்போரம் போய் உட்கார்ந்தேன். வெண்ணெய்க்காக அல்ல, குளிர் காய. மானத்துக்காக மத்தை மட்டும் உள்ளங்கைகளுக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். பானை மெல்ல வெதுவெதுத்தது. சளசளவென்றிருந்த சத்தம் திடீரென்று கனத்தது. எட்டிப் பார்த்தால், மத்தைச் சுற்றி வெள்ளை வெள்ளையாய்த் திரண்டு நின்றது!

விளாம்பழம் அளவுக்கு உருட்டி, சாமி ஊர்வலம் போல வாசலைச் சுற்றி வந்தேன். எருமைகளுக்கும் காட்டினேன். மச்சான் ஒரு விரலில் வழித்து நக்கினார்.

"ஜெயிச்சுப்போட்டீங்க போங்க" என்று, குழைத்த சோப்பைத் தன் தாடையிலேயே பூசிக்கொண்டார். பாதி வெண்ணெயை வாழையிலையில் மடித்துக் கொடுத்து அவரைப் பஸ் ஏற்றிவிட்டேன்.

திரும்பி வந்து, மீசையை முறுக்கிக்கொண்டு மனைவி முன்னால் நின்றேன். அவள் அடுப்பைக் கை காட்டினாள்.

"பனிக்காலத்துல வெதுவெதுன்னு ஊத்தோணும். பச்சத்தண்ணியக் கொட்டுனா எப்படித் திரளும்? வெண்ணெ எடுத்தது இந்த அடுப்புங்க. அந்த மீசைய அதுக்கு ஒட்டி உடுங்க."