பன்னிரண்டு மார்க் வாங்கிய ரெக்கார்டு

அப்பா போட்ட மார்க்கை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அன்றைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றைக்கும் இல்லை. எங்கள் வீட்டில் இருந்த நாற்பத்து மூன்று பாட்டு ரெக்கார்டுகளின் உறையிலும் வலது மேல் மூலையில் சிவப்பு மையில் ஒரு வட்டம் இருக்கும். வட்டத்துக்குள் நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண். முப்பத்தைந்துக்குக் கீழே போனால் எண்ணுக்கு அடியில் இரண்டு கோடு. அப்பா திருவண்ணாமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சாம்பாருக்கு மார்க் போடுவார், எதிர்வீட்டுக் கோலத்துக்கும் போடுவார். ரெக்கார்டுகளைச் சும்மா விடுவாரா?

இப்போது அந்த ரெக்கார்டுகள் என்னிடம் இருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்து, ஓடுகிறவரை ஓடவிட்டுக் கேட்டு, அவருடைய வட்டத்துக்குப் பக்கத்தில் என் மார்க்கைப் பச்சை மையில் எழுதிக்கொண்டு வருகிறேன். எங்கள் உத்தியோகத்தில் பச்சை மை தலைமை ஆசிரியருக்கு உரியது. அப்பா கடைசிவரை தலைமை ஆசிரியர் ஆகவில்லை. நான் ஆனேன். இதைத் திமிர் என்று யாராவது சொன்னால், ஆமாம், திமிர்தான்.

அப்பாவின் கணக்கு சுலபமானது. சாமி பாட்டு என்றால் தொண்ணூறுக்கு மேல். கச்சேரி, வீணை, நாதஸ்வரம் எண்பதுக்கு மேல். சினிமாப் பாட்டு ஐம்பதைத் தாண்டாது. அதில் கும்மாளமோ கொஞ்சலோ இருந்துவிட்டால் ஃபெயில். ஒரே ஒரு சினிமாப் பாட்டுக்கு முப்பத்திரண்டு போட்டிருந்தார். அதில் உசத்தியான ராகம் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்ன பிறகு, மூன்று மார்க் கருணை காட்டிப் பாஸ் பண்ணிவிட்டார். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கு அப்பா கொஞ்ச நாள் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுத்தார். அவள் ஊருக்குப் போகும்போது ஓர் ஆங்கில ரெக்கார்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். அது தனக்குப் புரியவில்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. வட்டத்துக்குள் எண்ணுக்குப் பதில் ‘ஆப்சென்ட்’ என்று எழுதி வைத்தார்.

அதற்கு நான் எழுபது போட்டிருக்கிறேன். எனக்கும் புரியவில்லை. பாடுகிறவள் யார்மேலோ கோபமாக இருக்கிறாள் என்பது மட்டும் தெரிகிறது, எனக்கு அது போதும்.

கருணை மார்க்கில் பாஸான சினிமாப் பாட்டுக்கு எண்பத்தெட்டு. கல்லூரியில் படித்த காலத்தில் அப்பா ட்யூஷனுக்குப் போகும் நேரம் பார்த்து அதைத்தான் ஓடவிடுவேன். ஒருநாள் குடை மறந்து பாதியில் திரும்பி வந்தவர், கதவருகில் நின்று முழுப்பாட்டையும் கேட்டுவிட்டு, “சத்தம் ஜாஸ்தியா இருக்குது, கம்மி பண்ணு” என்றார். நிறுத்து என்று சொல்லவில்லை. இதையும் எழுதித்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் நான் அவரைவிட மோசமான வாத்தியார் ஆகிவிடுவேன்.

இனி அம்மாவின் ரெக்கார்டு. அதற்கு அப்பா போட்டது பன்னிரண்டு.

அம்மாவுக்குப் பிறந்த ஊர் கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில். நெல்லும், எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். வருஷா வருஷம் மாமா பொங்கல் சீர் கொண்டுவருவார். பச்சரிசி, வெல்லம், புடவை, ஒரு கரும்புக் கட்டு. எழுபதுகளின் நடுவில் ஒரு பொங்கலுக்கு அந்தச் சீர்த்தட்டில் ஒரு ரெக்கார்டும் இருந்தது. தெருக்கூத்து ரெக்கார்டு. “உங்க வூட்டுலதான் மிஷினு இருக்குதே, கேளு” என்று மாமா அம்மாவிடம் கொடுத்தார்.

கூத்தில் ராஜா வருவதற்கு முன்னால் கட்டியக்காரன் வந்து அவர் பெருமையை எடுத்துச் சொல்வான். சொல்கிற சாக்கில் ராஜாவை வாரு வாரு என்று வாருவான். ராஜாவைக் கேலி பண்ண அந்தச் சபையில் அவன் ஒருவனுக்குத்தான் உரிமை. இந்த ரெக்கார்டிலும் அதுதான். “ராஜா வராரு, எல்லாரும் எழுந்து நில்லுங்க. நின்னது நின்னுட்டீங்க, அப்படியே வூட்டுக்குப் போயிடுங்க” என்பான். அம்மா அந்த இடத்தில் சிரித்ததை நான் மறக்கமாட்டேன். வாயைப் பொத்திக்கொள்ளாமல், தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. எங்கள் வீட்டில் அம்மா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததே கிடையாது.

அப்பா முள்ளைத் தூக்கிப் பாதியில் நிறுத்தினார். “வாத்தியார் வூட்டுல கேக்கற சமாச்சாரமா இது? கூச்சல்” என்றார். சிவப்புப் பேனா வந்தது. பன்னிரண்டு, அடியில் இரண்டு கோடு. ஃபெயிலான ரெக்கார்டுகள் கூடத்து அலமாரியில் இருக்கக்கூடாது என்பது சட்டம். மற்ற ஃபெயில்களோடு அதுவும் அம்மாவின் டிரங்குப் பெட்டிக்குள், புடவைகளுக்கு நடுவே போனது. அம்மாவே அதைப் புடவை மடிப்புக்குள் வைத்தாள். அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

பாஸானவற்றுக்கு வேறு மரியாதை. சரஸ்வதி பூஜையன்று எங்கள் வீட்டில் புத்தகங்களோடு ரெக்கார்டுகளையும் அடுக்கிப் பூஜை செய்வோம். அப்பா உத்தரவுப்படி முப்பத்தைந்தும் அதற்கு மேலும் வாங்கியவை மட்டும். சந்தனம், குங்குமம் வைப்பது அம்மாவின் வேலை. முதல் வருஷம் அம்மா சந்தனக் கிண்ணத்தோடு உட்கார்ந்து தயங்கினாள்.

“பிளேட்டு மேல வேணாங்க. காஞ்சா புடிச்சிக்கும். கவரு மேல வெச்சுடறேன்.”

அப்பா சிரித்தார். “கவருக்கா பூஜை பண்றோம்? நடுவுல இருக்கற காகிதம் கம்பெனியோடது. பாட்டு எங்க இருக்குது? கறுப்புல. அப்ப கறுப்புலதான் வெக்கணும். உனக்கு இதெல்லாம் என்னா தெரியும்?”

கணக்கு வாத்தியாரின் தர்க்கம். எங்கே பிழை கண்டுபிடிப்பது? அம்மா வைத்தாள். இரண்டு பக்கமும், பக்கத்துக்கு மூன்று பொட்டு. மறுநாள் ஈரத்துணியால் துடைத்தாள். மேலே இருந்த சந்தனம் போனது, கோடுகளுக்குள் இறங்கியது இறங்கியதுதான். அப்புறம் வருஷம் தவறாமல் அதே பூஜை, அதே சந்தனம். அம்மா கைப்பொட்டு எப்போதும் தாராளமாக இருக்கும்.

பாஸான ரெக்கார்டுகள் எல்லாம் மெல்ல மெல்ல டிக்கு டிக்கு என்று அடிக்க ஆரம்பித்தன. அப்பா முதலில் முள்ளைக் குறை சொன்னார். புது முள் வந்தது, டிக்கு போகவில்லை. வோல்டேஜ் கம்மி என்றார். பாடியவருக்கு அன்று தொண்டை சரியில்லை என்றுகூட ஒருதரம் சொன்னார். பூஜையில் குறை இருக்கும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

ஒரு கார்த்திகை தீபத்துக்கு வீடு நிறைய உறவுக்காரர்கள். தீபம் பார்க்க வருகிறவர்களுக்கு இந்த ஊரில் உள்ள எல்லா வீடும் சத்திரம்தான். மலையில் தீபம் ஏற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால் அப்பா தொண்ணூற்றெட்டு மார்க் ரெக்கார்டை வைத்தார். பாடகர் “அருணாசலா” என்ற இடத்தில் மாட்டிக்கொண்டார். அருணாசலா, டிக்கு, அருணாசலா, டிக்கு. அப்பாவின் அக்கா கண்ணை மூடிக் கைகூப்பி, “எப்படி உருகறாரு பாரு, சாமி பேரை வுடவே மாட்டேங்கறாரு” என்றார். அத்தனை பேரும் கைகூப்பினார்கள். அப்பாவும்தான். நான் சமையலறைக்கு ஓடிப்போய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தேன். அம்மா அங்கே உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அவளும் சிரித்தாளா என்று அப்போது கவனிக்கத் தோன்றவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஊரெங்கும் கேசட் வந்துவிட்டது. அப்பா ஓய்வு பெற்றதும் ஒரு டேப்ரெக்கார்டர் வாங்கினார். பாஸான ரெக்கார்டுகளைக் கேசட்டில் பதிவு பண்ணிக்கொள்வது, ஃபெயிலானவற்றைக் கல்யாணங்களுக்கு மைக் செட் கட்டுகிற ஒருவருக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். அப்போது நான் வேலூர் பக்கம் வேலையில் இருந்தேன், விடுமுறைக்கு வந்திருந்தேன். கட்டிவைத்த ஃபெயில் ரெக்கார்டுகளுக்கு மேலாக இருந்தது மாமாவின் சீர். மாமா தவறி அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

“அம்மாவை ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா?” என்றேன்.

“ஃபெயிலானதைப் பத்தி என்னா கேக்கறது?”

“அது அவங்களுக்கு வந்த சீரு. உங்க ரெக்கார்டு இல்ல.”

அப்பா பாஸானவற்றைப் பையில் போட்டுக்கொண்டு ரெக்கார்டிங் கடைக்குப் போனார். மாலையே திரும்பி வந்தார், முகம் செத்துப் போயிருந்தது. கடைக்காரர் ஒன்றுகூட எடுக்கவில்லையாம். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, “சார், கோட்டுக்குள்ள எல்லாம் சந்தனம் ஏறிக் கெடக்குது. இதுல பாட்டு ஏது?” என்று கேட்டாராம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் மைக் செட்டுக்காரர் சைக்கிளில் வந்தார். அப்பா ஃபெயில் கட்டைத் தூக்கிக் கொடுத்தார். அவர் கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, “வாத்தியாரே, எல்லாம் புதுசாட்டம் இருக்குதே, ஒரு கீறல் இல்ல” என்று ஆச்சரியப்பட்டார். நான் கூத்து ரெக்கார்டை எடுக்க எழுந்தேன். அதற்குள் அம்மா சமையலறையிலிருந்து வந்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கூத்து ரெக்கார்டை எடுத்து இடுப்பில் குழந்தையை வைத்துக்கொள்கிற மாதிரி வைத்துக்கொண்டாள்.

“இதைத் தரமாட்டேன்.”

“பன்னெண்டு மார்க்கு வாங்கினதையா?” என்றார் அப்பா.

“மார்க்கு போட்டது நீங்க. சந்தனம் வெச்சது நானு.”

அப்பாவுக்கு உடனே புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அம்மா குரலை உயர்த்தவே இல்லை.

“மொத வருஷமே வேணாம்னு சொன்னேன். உனக்கு என்னா தெரியும்னு கேட்டீங்க. சரி, தெரியாதவ சொன்னபடி செய்யலாம்னு செஞ்சேன். பொட்டை வருஷா வருஷம் பெருசாத்தான் வெச்சேன். ஒரு வருஷமாவது டிக்கு எதனாலன்னு என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கெட்டுப்போனவற்றில் ஒரு வீணை ரெக்கார்டும் இருந்தது. அப்பா போட்ட எண்பத்தாறில் எனக்கு மறுப்பே இல்லை, நான் தொண்ணூறு போடுவேன். அதில் இப்போது வீணையைவிட டிக்கு ஜாஸ்தி. அம்மா அப்பாவுக்கு வைத்த சந்தனம் என் தலையிலும் கொஞ்சம் விழுந்தது. அதற்காக அம்மாமேல் எனக்குக் கோபம் உண்டு. இருந்தாலும் அந்தக் காலையில் நான் அவள் பக்கத்தில் போய்த்தான் நின்றேன்.

மைக் செட்டுக்காரர் எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். “நான் அப்பறம் வரேம்மா” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஒன்றையும் எடுக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மா ரெக்கார்டு பிளேயரின் மூடியைத் திறந்தாள். அத்தனை வருஷம் அதன்மேல் தூசி துடைத்தவள், ஒருநாளும் தானாக முள்ளை எடுத்து வைத்ததில்லை. சரியாக ஓரத்தில் வைத்தாள். மத்தளமும் முகவீணைக் குழலும் கிளம்பின. ஒரு டிக்கு கிடையாது. கட்டியக்காரன் வந்தான். “ராஜா வராரு, எல்லாரும் எழுந்து நில்லுங்க” என்றான். ராஜாவின் சலங்கை கேட்பதற்காக அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவான்.

அந்த இடைவெளியில், நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்த அப்பா, தன்னை அறியாமல், அதே ராகத்தில், அதே இழுப்பில், கட்டியக்காரனுக்கு முன்னால் சொன்னார். “நின்னது நின்னுட்டீங்க, அப்படியே வூட்டுக்குப் போயிடுங்க.”

ரெக்கார்டு பிறகுதான் சொன்னது. அதுவரை இந்த வீட்டில் அதை ஒரே ஒருமுறைதான் ஓடவிட்டிருந்தோம், அதுவும் பாதி. அப்பாவும் மல்லாட்டை பிடுங்கிய நிலத்தில் கோணியை விரித்து உட்கார்ந்து விடிய விடியக் கூத்து பார்த்து வளர்ந்தவர்தான். தெரியாதது அல்ல, மனப்பாடம். எத்தனை மேடையில் கேட்டால் அது அப்படி நாக்கில் ஏறியிருக்கும்? வாத்தியார் ஆன பிறகு அதை வெளியே தெரியாமல் வைத்துக்கொண்டு, அம்மாவின் சிரிப்பையும் சேர்த்துப் பெட்டியில் பூட்டியிருக்கிறார்.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

“தெரிஞ்சிக்கினுதான் பன்னெண்டு போட்டீங்களா?”

அப்பா சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் இருந்த காலம் வரை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, மார்க்கையும் திருத்தவில்லை. அம்மா நினைத்தபோதெல்லாம் அந்த ரெக்கார்டைப் போட்டுக் கேட்டாள். அவரும் அதே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார்.

நாற்பத்திரண்டுக்குப் போட்டு முடித்துவிட்டேன். கடைசியாக இது. பன்னிரண்டுக்குப் பக்கத்தில் நூறு என்று எழுதலாம், அம்மா ஒப்புக்கொள்ளமாட்டாள். கூத்துக்கு எதுக்குடி மார்க்கு என்பாள். அதனால் எண் எழுதவில்லை. விடைத்தாளை மறுபடி திருத்தும்போது நாங்கள் எழுதுகிற மாதிரி ஒரு வரி எழுதி, பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்: ‘திருத்தியவர் பாடம் தெரிந்தே குறைத்துப் போட்டிருக்கிறார்.’