கேத்சனாவின் உச்சரிப்பு நோட்டு

கேத்சனா ஆசிரியர் கல்லூரியில் படித்தது ரஷ்ய மொழி. படித்து முடிப்பதற்குள் ரஷ்யர்கள் லாவோஸை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். உடொம்சாய் மலைப்பக்கத்துப் பள்ளி ஒன்றில் சில வருஷம் எதையெதையோ நடத்திக்கொண்டிருந்தவளை மாவட்ட அலுவலகம் கூப்பிட்டு, "இனிமே நீங்க இங்கிலீஷ் டீச்சர்" என்றது. நாற்பத்தைந்து நாள் பயிற்சி, கையில் ஒரு பாடப்புத்தகம். அவ்வளவுதான்.

முதல் நாள் ராத்திரி படித்ததை மறுநாள் காலையில் நடத்தினாள். ஒவ்வொரு சொல்லையும் எப்படிச் சொல்வது என்று லாவோ எழுத்தில் ஒரு நீள நோட்டில் எழுதிவைத்தாள். கேட்டுச் சரிபார்க்க ஆள் இல்லை. எழுத்து எப்படி நின்றதோ அப்படியே படித்தாள். தீவு என்ற சொல் 'இஸ்லான்' ஆயிற்று. கத்தி 'கெனைப்' ஆயிற்று. சுற்றியிருந்த ஐந்து பள்ளிகளின் வாத்தியார்கள் அந்த நோட்டை வாங்கிப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். கேத்சனாவுக்கு அதில் சொல்ல முடியாத பெருமை.

இருபத்து மூன்று வருஷம் கழித்து மாகாணத் தலைநகரில் ஒரு வாரப் பயிற்சி நடந்தது. சொந்தமாகத் தயாரித்த பாடப்பொருளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். நோட்டுக்குப் புது அட்டை போட்டு எடுத்துப்போனாள்.

பயிற்சி கொடுக்க வந்தவள் விலைவன், நாட்டுத் தலைநகரத்துப் பெண். முதல் நாளே வெள்ளைக்காரர் பேசும் பதிவு ஒன்றைப் போட்டாள். 'ஐலண்ட்' என்றது அது. கொஞ்சம் கழித்து 'நைஃப்' என்றது. கேத்சனா நோட்டைப் புரட்டினாள்.

மதியம் எல்லாரும் ஒட்டரிசிச் சோற்றை உருட்டித் தின்றுகொண்டிருந்தபோது விலைவனிடம் நோட்டை நீட்டினாள்.

"இதுல எது தப்புன்னு பாத்துச் சொல்லும்மா."

விலைவன் சிவப்புப் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டே போனாள். ஏழாவது பக்கத்தில் பேனாவை மூடிவிட்டாள்.

"அக்கா... இது வேணாங்க்கா. புதுசா ஒண்ணு ஆரம்பிச்சுக்கலாம்."

பக்கத்துப் பள்ளி வாத்தியார் தாவ்பொன் எட்டிப்பார்த்துச் சிரித்தார். "அடப்பாவமே! உங்க நோட்டை வெச்சுத்தானே நாங்களும் ஓட்டினோம்! ஜில்லாவே கெனைப், கெனைப்னுதான் கத்துது!"

அவரோடு மற்றவர்களும் சிரித்தார்கள். கேத்சனா நோட்டை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

ஊர் திரும்பியதும் வகுப்பில், "இவ்வளவு நாள் தப்பாச் சொல்லிக்குடுத்துட்டேன். இது ஐலண்ட்" என்றாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்: "எங்க அம்மாவுக்கும் நீங்கதான் டீச்சர். அவங்க இஸ்லான்னுதான் சொல்றாங்க. அவங்களும் தப்பா?"

கேத்சனா கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தலைமையாசிரியரிடம் போய், ஐந்து பள்ளிக்கும் நேரில் போய்த் திருத்திவிட்டு வருகிறேன், ஒரு வாரம் லீவு வேண்டும் என்று கேட்டாள்.

"எதுக்கும்மா? பரீட்சை எழுத்துலதானே? காதுல வாங்கி மார்க் போடறாங்களா?"

சனிக்கிழமைகளில் தானே போனாள். இரண்டு பள்ளிகளில் இங்கிலீஷ் வாத்தியாரே இல்லை. சீனர்கள் போடும் ரயில்பாதை வேலைக்குப் போய்விட்டார்கள். மூன்றாவது பள்ளியில் பரீட்சைக்காகச் சனிக்கிழமையும் வகுப்பு. நெருங்கும்போதே நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் கத்துவது கேட்டது: "இஸ்லான்! இஸ்லான்!" வாசல்வரை போனவள் உள்ளே போகாமல் திரும்பிவிட்டாள்.

மழைக்காலம் முடிவதற்குள் பயிற்சித் திட்டத்தை மூடிவிட்டார்கள். மீதிச் சொற்களையாவது கேட்டுக்கொள்ளலாம் என்று விலைவனின் எண்ணுக்கு அழைத்தால் வேறு யாரோ எடுத்தார்கள்.

ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம். சொற்களைக் கரும்பலகையில் எழுதிப்போடுவாள், பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொள்வார்கள். எப்படிப் படிப்பது என்று யாராவது கேட்டால், "எழுதினாப் போதும், எழுது" என்பாள். அவளுடைய வகுப்பில் இங்கிலீஷ் காதில் விழுவதில்லை.