ஊசியக்காவின் இடது கை

ஊசியக்காவுக்குச் சோறு போட்டது இடது கைதான். பத்தொன்பது வருடமாக அந்தக் கையைத் தோள்வரை பசுவின் பின்வழியே விட்டு, கருப்பையைத் தடவிப் பார்த்து, வலக்கையால் சினை ஊசி போட்டுவந்தாள். உதை வாங்கி ஒரு பல் போயிருந்தது. மாடுகள் மேல் அவளுக்குக் கோபமில்லை. "அதுக்கு வேற எப்படிச் சொல்லத் தெரியும்" என்பாள்.

அந்தக் கையை உடைத்தவனோ பேசத் தெரிந்தவன். எட்டு மாடு வைத்திருந்த பால்பண்ணைக்காரன். அவனுடைய கறுப்புப் பசு கன்று போட்டபின் பாலைக் குடம் குடமாகக் கொட்டியது. உடம்போ எலும்பும் தோலுமாகிவிட்டது. மூன்று மாதமாகியும் பருவத்துக்கு வரவில்லை. ஊசியக்கா முதன்முதலாகக் கொட்டகைக்குள் போனபோது, அவன் மண்வெட்டிக் காம்பால் அதன் இடுப்பில் விளாசிக்கொண்டிருந்தான்.

"அடிச்சா சினை பிடிக்குமா? தின்னதெல்லாம் பாலாப் போயிடுது. உடம்பு தேறினாத்தான் உள்ள முட்டை முதிரும். தீவனத்தைக் கூட்டுங்க."

அவன் முறைத்தான். அவன் மனைவிதான் கூட்டினாள். ஐந்தாவது வாரம் பசு பருவத்துக்கு வந்து கத்தியது. ஊசியக்கா சினை ஊசி போட்டுவிட்டு, "ரெண்டு மாசத்துல கைவிட்டுப் பாக்கறேன். அதுவரைக்கும் வேற ஊசி எதுவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தத் தேதிக்கு அவளால் வர முடியவில்லை. வேறொரு மாடு உதைத்து விலா உடைந்து படுத்திருந்தாள். பசு சினை நிற்கவில்லை என்று அவனாகவே முடிவு கட்டினான். பருவத்துக்குக் கொண்டுவரும் ஹார்மோன் மருந்தைக் கடையில் வாங்கி, தானே குத்தினான். சினையில்லாத மாட்டைக் கத்தவைக்கும் மருந்து, சினை மாட்டின் கருவைக் கலைத்துவிடும். மூன்றாம் நாள் பசு கன்று வீசிவிட்டது. உள்ளங்கைக்குள் அடங்கும் உருவம். குளம்புகூட முளைத்திருந்தது.

விலாவில் கட்டோடு வந்த ஊசியக்கா குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரும்புக் குழாய் இறங்கியது.

"நீ போட்ட ஊசிதான்டி என் மாட்டைக் கெடுத்துச்சு."

முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

"அவங்க இல்ல. திங்கக்கிழமை நீங்கதான் குத்துனீங்க. பாட்டிலு தவிட்டு மூட்டைக்குப் பின்னால கெடக்கு" என்றாள் மனைவி.

அவன் திரும்பினான். மனைவியின் கூந்தலைக் கொத்தாகப் பிடித்து, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் மோதினான். ஒருமுறை. இன்னொருமுறை. காதிலிருந்து ரத்தம் வழிந்தது. மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு அலறின.

ஊசியக்காவின் வலக்கைக்கு எட்டியது பால் கேன். வீசினாள். அவன் தாடை பெயர்ந்து சாணியில் விழுந்தான். எழ முயன்றபோது முழங்காலில் மறுபடியும் அடித்தாள்.

"ரெண்டாவது அடி தேவையா இருந்துச்சா?" என்று காவல் நிலையத்தில் கேட்டார்கள்.

"இல்லீங்க. தெரிஞ்சுதான் அடிச்சேன்."

அவன் சிறைக்குப் போனான். மனைவிக்கு ஒரு காது கேட்காமலே போயிற்று. மாடுகளை அவள்தான் பார்த்துக்கொண்டாள். கறுப்புப் பசு அதன்பின் சினை பிடிக்கவே இல்லை.

ஊசியக்காவின் இடக்கை எலும்பு கூடியது; ஆனால் விரல் நுனிகளுக்கு உணர்ச்சி திரும்பவில்லை. வலக்கையைப் பழக்க ஒரு வருடம் பிடித்தது. யாரோ ஒருவருடைய கொட்டகையில், இரண்டு மாதக் கருவின் நீர்ப்பை வலக்கை விரல்களுக்கிடையே முதல்முறையாக வழுக்கியபோது, அவள் முகத்தைப் பசுவின் முதுகில் புதைத்துக்கொண்டாள்.

"என்னக்கா, தோள் வலிக்குதா?" என்றார் மாட்டுக்காரர்.

"ஆமா" என்றாள்.