இரண்டாவது கோடு

கண்ணாடிக் கடையில் அவருக்கு ஒத்தக்கோடு என்று பேர். கட்டரால் ஒரே ஒரு கோடு, மேஜை விளிம்பில் ஒரு தட்டு, ரெண்டு துண்டு. போட்ட கோட்டின் மேலேயே மறுபடி போட்டால் கட்டர் முனையும் போகும், கண்ணாடியும் தாறுமாறாக உடையும். முப்பத்தோரு வருஷத்தில் அவர் ஒரு தடவைகூடத் திரும்பப் போட்டதில்லை. கோடு விழுந்ததா என்று குனிந்து பார்க்கவும் மாட்டார். விரலுக்குத் தெரியும் என்பார்.

அதனால் இதயத்து ரத்தக்குழாயில் அடைப்பு, மணிக்கட்டு வழியாகப் போய் ஸ்டென்ட் வைக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது, நெஞ்சைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை.

"எந்தக் கை?"

"வலது. உங்க வேலைக் கை எது?"

"வலது கோடு போடும். இடது ஸ்கேலைப் பிடிக்கும். இடது அசைஞ்சா வலது போட்டது வீண்."

"தொடை வழியாவும் போவாங்களாமே டாக்டர்?" என்றாள் மனைவி. "தொடையை வெச்சு இவர் ஒண்ணும் அறுக்கலை."

டாக்டர் சிரித்துவிட்டார். "மணிக்கட்டுன்னா ரத்தக்கசிவு கம்மிம்மா. சீக்கிரமே எழுந்து நடக்கலாம். கைக்கு ரத்தம் கொண்டுபோக ரெண்டு குழாய் இருக்கு. ஒண்ணு அடைச்சாலும் இன்னொண்ணு பாத்துக்கும்." அவர் கையை எடுத்து இரண்டு குழாயையும் அழுத்தினார். உள்ளங்கை வெளுத்தது. ஒன்றை விட்டதும் சிவந்தது. யாரோ ஒருவருடைய கை போல ஒத்தக்கோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிகிச்சை அறைக்குள்ளே குளிர். மயக்கம் கொடுக்கவில்லை, மணிக்கட்டில் மட்டும் மரப்பு ஊசி. பயம் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. எதிர்ச் சுவரில் பதித்திருந்த தடிமனான கண்ணாடியின் இடது மூலையில், விளிம்பை அடைக்கும் பட்டி சரியாக வைக்கவில்லை என்பதுதான் கண்ணில் பட்டது.

முழங்கைக்குக் கீழே ஏதோ இறுகியது. சுருக்கென்று வலி. குழாய்க்குள் போய்க்கொண்டிருந்த கம்பி நின்றுவிட்டது. டாக்டர் மறுபடி தள்ளப் பார்த்தார்.

"போட்ட கோட்டு மேலயே போடாதீங்க டாக்டர். உடைஞ்சிடும்."

நர்ஸ் முகக்கவசத்துக்குள் சிரித்தாள். டாக்டர் கையை எடுத்தார். "ரத்தக்குழாய் கண்ணாடி இல்லைய்யா, ரப்பர் மாதிரி. மிரண்டுபோய் இறுக்கிப் பிடிச்சிருக்கு. மருந்து விட்டுட்டு சும்மா இருந்தா தானே விடும்." எல்லோரும் சும்மா நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் விட்டது.

அப்புறம் மணிக்கட்டில், ரத்தம் கசியாமலிருக்கக் காற்றடைத்த பட்டை. நர்ஸ் அவ்வப்போது வந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்கினாள். மனைவி அழுது முடித்து மூக்கைச் சிந்தினாள். கடையை நடத்தும் மச்சினன் பட்டைக்கு அடியில் எட்டிப் பார்த்தான். "இவ்வளவுதானா மாமா? கொசு கடிச்சாக்கூட இதைவிடப் பெருசா வீங்கும்."

அவர் கட்டைவிரலை ஆள்காட்டி விரலோடு சேர்த்து அழுத்திப் பார்த்தார். அழுத்தியது தெரியவில்லை.

பத்தாம் நாள் டாக்டர் நாடி பார்த்தார். ரத்தம் நன்றாக ஓடுகிறது, நரம்பு அசந்திருக்கிறது, உணர்ச்சி வர வாரக்கணக்கில் ஆகலாம், லேசான வேலை செய்யலாம் என்றார். ஒத்தக்கோடு அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனார். கண்ணாடி அறுக்க மச்சினன் வேறொரு ஆளிடம் பேசி வைத்திருந்தான்.

"வாசல்ல உக்காந்து அளவு எழுதிக்குங்க மாமா. ராஜா மாதிரி."

அவர் கட்டரை எடுத்தார். பாதி வழியில் விரல் ஊமையாகிவிட்டது. வேறு வழியில்லாமல் குனிந்து பார்த்தார். நடுவில் நக அகலத்துக்குக் கோடே இல்லை.

கட்டர் தானாக அந்த இடைவெளிக்குப் போனது. அங்கேயே நின்றது. பிறகு அதைக் கீழே வைத்தார். கண்ணாடியைத் தட்டினார். இடைவெளி வரைக்கும் நேராகப் போய், அங்கிருந்து வளைந்து உடைந்தது. எடுத்துக் கழிவுப் பெட்டியில் போட்டார்.

"பரவாயில்ல மாமா, நான்தான் சொன்னேனே..."

"இன்னொண்ணு எடுத்து வை."

வைத்தான். அவர் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். இந்தத் தடவை குனிந்தபடி, முனை போகுமிடமெல்லாம் கண்ணும் கூடவே போக, புதிதாகச் சேர்ந்தவன் மாதிரி ஊர்ந்து ஊர்ந்து கோடு போட்டார். தட்டினார். ரெண்டு துண்டு. விளிம்பு சுத்தம்.

மச்சினன் துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, அந்த இன்னொரு ஆளுக்கு போன் போட்டு வரவேண்டாம் என்றான். பிறகு அக்காவுக்குப் போட்டு மாமாவிடம் நீட்டினான்.

"கை எப்படிங்க?"

"அறுக்குது."

"அப்பாடா. சந்தோஷம்தானே?"

யோசித்துப் பார்த்தார்.

"தெரியலை" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அடுத்த அளவு சொல்லுடா" என்றார்.